பத்மநாதன் அத்தான் பலப்படுத்திய கேஸ்

சுவிசில், லோசானுக்குப் பக்கத்து ரெனானில் ஒரு தமிழருக்கு வதிவிட பெர்மிட்டில் சிக்கல் வந்தால், வக்கீலிடம் போவதற்கு முன் என் அத்தான் பத்மநாதனிடம்தான் போவார். வக்கீல் காசு கேட்பார். அத்தான் கேட்பதெல்லாம், அவர் சொல்வதை முழுவதும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது மட்டுமே. இரண்டில் எது அதிகச் செலவு என்று போய்வந்தவர்களிடம்தான் விசாரிக்க வேண்டும்.

அவர் என் அக்கா ஜெயகௌரியைக் கட்டியவர். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. பல் போனவர்களுக்காகக் கரட்டை அவித்து மசித்து, அதைத் திரும்பக் கரட் வடிவ அச்சிலேயே ஊற்றி, கரட் போலவே தட்டில் வைத்துக் கொடுப்பது அவருடைய கைவண்ணம். நான் பல் வைத்தியர் ஒருவரின் உதவியாளர். என்னிடம் வந்து பல்லை இழந்தவர்கள் கடைசியில் அவரிடம் போய்ச் சேருகிறார்கள் என்று அத்தான் எல்லா விருந்திலும் சொல்வார். நாங்களும் எல்லா விருந்திலும் சிரிப்போம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகதியாக வந்தவர். முதல் விண்ணப்பம் நிராகரிப்பு, பிறகு மேன்முறையீடு, பிறகு பல வருடக் காத்திருப்பு. அந்த வருடங்களில் அவர் கற்றுக்கொண்ட ஒரே பாடம் 'கேஸைப் பலப்படுத்துவது'. கிராம சேவகரின் கடிதம், சமாதான நீதவானின் கடிதம், பங்குத் தந்தையின் கடிதம் என்று ஊரிலிருந்து அடுக்கடுக்காக எடுப்பித்தார். அத்தான் பிள்ளையார் கோயில் வீதிக்காரர். பங்குத் தந்தைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், "கேஸுக்குப் பலம்" என்பார். கடைசியில், குறிப்பிட்ட ஒரு வருடத்துக்கு முன் வந்த எல்லாருக்கும் அரசாங்கம் மொத்தமாக இருக்க அனுமதி கொடுத்தது. அத்தானுக்கும் கிடைத்தது. கடிதங்களை யாராவது பிரித்துப் பார்த்தார்களா என்று கடவுளுக்குத்தான் தெரியும். இதை அவரிடம் சொல்லிவிட்டு அந்த வீட்டில் சாப்பிடலாம் என்று நினைக்கக் கூடாது.

பிறகு F, B, C என்று பெர்மிட்டின் ஒவ்வொரு எழுத்தாக ஏறி, நிரந்தர வதிவிடம் எடுத்து, சுவிசின் சிவப்புக் கடவுச்சீட்டும் எடுத்தார். எடுத்த பிறகு மனிதருக்கு ஒரு வெறுமை. ஊரார் கேஸ்களும் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு வந்தன. அறிவுரை சொல்வதற்கு ஆள் குறைந்துபோன ஒரு காலத்தில்தான் மகள் மிதுஷாவுக்கு இங்கிலாந்திலிருந்து அழைப்பு வந்தது.

மிதுஷா லோசான் வைத்தியசாலையில் பிறந்தவள். உதைபந்தாட்டத்தில் இடதுபக்கப் பின்கள ஆட்டக்காரி. ஆறு வயதிலிருந்து பந்துதான். பனி கொட்டும் சனிக்கிழமைகளில் அத்தான் அவளைக் காரில் ஏற்றிப்போய், மைதான ஓரத்தில் ஒரு போத்தல் சூடான நெஸ்டமோல்ட்டுடன் நின்றதை நான் கண்டிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதுவது நியாயமில்லை. பெண்களுக்கான முதல் பிரிவில் ஆடும் அளவுக்கு அவள் வளர்ந்ததில் அந்தப் போத்தலுக்கும் பங்குண்டு.

இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்று அவளைக் கேட்டது. அவளுக்கு உயிரே அதில்தான். ஆனால் ஆங்கிலேயர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, சுவிஸ்காரியானாலும் பிரெஞ்சுக்காரியானாலும் அங்கே ஆட பெர்மிட் வேண்டும். அதற்குப் புள்ளிகள் போடுகிறார்கள். எந்த நாட்டு லீக், எத்தனை நிமிடம் ஆடினாய், உன் கழகம் எத்தனையாம் இடம், தேசிய அணிக்கு ஆடினாயா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. அக்கா இதைக் கேட்டுவிட்டு, கலியாணப் பொருத்தம் பார்ப்பதைவிட மோசமாக இருக்கிறதே என்றாள்.

அத்தானுக்கோ பெர்மிட் என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அப்படி ஒரு மலர்ச்சியை மிதுஷா பிறந்த அன்றுகூட நான் காணவில்லை. சிவப்புக் கடவுச்சீட்டோடு வளர்ந்த பிள்ளைக்கும் ஒரு கேஸ்! அவருக்குத் திரும்பவும் உத்தியோகம் கிடைத்துவிட்டது.

கழகத்துப் பெண் அதிகாரி காணொளியில் பேச வந்த அன்று நானும் அங்கேதான் இருந்தேன். அத்தான் மேலுக்குக் கோட்டும் கீழுக்குச் சாரமுமாக மகளுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். மிதுஷாவின் புள்ளிகள் கொஞ்சம் குறைகின்றன. தேசிய அணிக்கு ஆடினால் அந்தக் குறை தீரும். ஆனால் அந்த நாடு உலகத் தரவரிசையில் மேலே இருக்க வேண்டும். இந்த மூன்றாவது விஷயத்தை அத்தான் கேட்கவில்லை. யார் பேசினாலும் முதல் பாதியைக் கேட்டுவிட்டு மிச்சத்தைத் தானே முடிவு செய்பவர் அவர்.

அழைப்பு முடிந்ததும் மிதுஷா சொன்னாள்: "அப்பா, சுவிஸ் டீமுக்குக் கூப்பிட்டினமெண்டா சரி. போன மட்ச்சுக்கு அவையின்ரை ஆள் ஒருத்தர் பாக்க வந்தவர் எண்டு கோச் சொன்னவ."

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். "உன்னையோ? உவங்கள் எங்களைக் கூட்டித் துடைக்கத்தான் கூப்பிடுவாங்கள். டீமுக்குக் கூப்பிடுவாங்களெண்டு கனவு காணாதை பிள்ளை."

இந்த நாட்டு அணிகளில் ஆடும் எத்தனையோ பேரின் குடும்பப் பெயரைச் சுவிஸ்காரரே தடுமாறித்தான் சொல்கிறார்கள். அத்தானும் அதே ஆட்டங்களைத்தான் பார்க்கிறார், அதே கோல்களுக்குத்தான் துள்ளுகிறார். ஆனால் அந்தப் பெயர்களெல்லாம் அல்பேனியர்களுடையவை, ஆபிரிக்கர்களுடையவை. தமிழனுக்கு மட்டும் கதவு இல்லையாம். அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "உமக்கு விளங்காது கோசலா, நீர் பிந்தி வந்தனீர்" என்று என் வாயை அடைத்தார்.

அடுத்த கிழமை அவர் கண்டுபிடித்த வழியைக் கேட்டு அக்கா கையிலிருந்த அகப்பையை அப்படியே வைத்துவிட்டாள். மிதுஷா இலங்கை அணிக்கு ஆடுவதாம்.

பத்மநாதன் அத்தான் யார் என்று தெரிந்தால்தான் இதன் முழுச் சுவையும் புரியும். இலங்கை கிரிக்கெட் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு பிறந்தநாள் விழாவுக்கு வந்த ஒரு பெடியனை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர். மண்டபத்தில் ஒலிவாங்கி எங்கே தனியாக நின்றாலும் அதைப் பிடித்து, சிங்கக்கொடியைப் பற்றி அரை மணி நேரம் பேசியவர். அந்த நாட்டில் தனக்கு உயிர் ஆபத்து என்று கிட்டத்தட்டப் பத்து வருடம் நிரூபித்துக்கொண்டே இருந்தவர். இப்போது அதே நாட்டுச் சட்டையை மகளுக்குப் போடப் பார்க்கிறார்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே?" என்றாள் அக்கா.

"சர்வதேச மட்ச் எண்டா சர்வதேச மட்ச்தான். ஆர் தந்த கடிதமெண்டு பாக்கிறேல்லை. கேஸுக்குப் பலமோ எண்டுதான் பாக்கிறது."

மிதுஷா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அங்கை ஒருக்கா விளையாடினாப் பிறகு இஞ்சத்தை டீமுக்கு விளையாடலாமோ அப்பா?"

"ஏன் ஏலாது? எல்லாத்துக்கும் மேன்முறையீடு இருக்கு."

அவள் அவரை நம்பினாள். இருபத்தொரு வயது முடிந்த பிள்ளை, தானே தேடிப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பெர்மிட் விஷயத்தில் அப்பா சொன்னால் ஊரே தலையாட்டும் வீட்டில் வளர்ந்தவள் அவள். அதுவுமல்லாமல் சுவிஸ் அழைப்பு வரும் வரும் என்று காத்திருந்து அவளுக்கும் அலுத்துவிட்டது.

மிதுஷாவுக்கு இலங்கைக் குடியுரிமை எடுக்க அத்தானும் அக்காவும் ஜெனீவாவுக்கு ரயிலேறினார்கள். அத்தான் கறுப்புக் கண்ணாடியும் காது மறைக்கும் தொப்பியும் போட்டுக்கொண்டார். மாதமோ ஜூன். தூதரக வரிசையில் அவருக்கு முன்னால் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் நின்றாராம். அவரும் கறுப்புக் கண்ணாடி. இருவரும் ஒருவரை ஒருவர் காணவில்லை. அன்று பின்னேரம் சங்கக் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தபோதும் காணவில்லை.

எல்லாம் சரிவந்து, வெயில் கொளுத்தும் ஒரு நகரத்தில் நடந்த ஆசியத் தகுதிகாண் ஆட்டம் ஒன்றில் மிதுஷா இலங்கைக்காக முழு நேரமும் ஆடினாள். அத்தான் அதைக் கைத்தொலைபேசியில் பார்த்தார். தேசிய கீதம் வந்தபோது சத்தத்தைக் குறைத்தார். முடிந்ததும் கூட்டினார். எட்டுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள். ஆறாவது கோல் விழுந்தபோது அக்கா எழுந்து குசினிக்குப் போய்விட்டாள். அத்தான் மட்டும் அசையவில்லை. "தோத்தது வெண்டது ஃபைலிலை வராது" என்றார்.

இரண்டு நாளில் சிங்கச் சட்டையோடு மிதுஷா நிற்கும் படம் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓடியது. துரோகி, காட்டிக்கொடுத்தவர், வெட்கம் கெட்டவர் என்று அத்தானுக்கு வாழ்நாளில் கிடைக்காத பட்டமெல்லாம் ஒரே கிழமையில் கிடைத்தது. அதற்கடுத்த கிழமை, அதே பட்டங்களைச் சூட்டியவர்களில் மூன்று குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து, தங்கள் பிள்ளைக்கும் அந்தக் குடியுரிமையை எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று தேநீர் குடித்துக்கொண்டே கேட்டன. அத்தான் மறுக்காமல் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அது நல்ல காலம்.

ஆவணி முடிவில் இங்கிலாந்திலிருந்து பதில் வந்தது. இலங்கை அணி தரவரிசையில் இருக்கும் இடத்துக்கு, அந்த ஆட்டத்தால் புள்ளி எதுவும் இல்லை. ஆனாலும் கழகத்துக்கு விருப்பம் குறையவில்லை. இலையுதிர்கால ஆட்டங்களில் சுவிஸ் அணிக்கு ஆடினால் தை மாதம் திரும்பப் பேசலாம் என்று எழுதியிருந்தார்கள்.

நான்கு நாள் கழித்து மிதுஷா நான் வேலை செய்யும் இடத்துக்கு ஓடி வந்தாள். நோயாளியின் வாய் திறந்தபடி இருக்க, நான் கையுறையோடு வெளியே வந்தேன்.

"சித்தி, கூப்பிட்டிட்டினம்! சுவிஸ் டீமாலை. இடதுபக்கம் விளையாடுறவவுக்குக் கால் முறிஞ்சிட்டுதாம். அந்த ஆள் மூண்டு தரம் வந்து என்னைப் பாத்தவராம்."

அவள் கண்ணெல்லாம் நீர். கையுறையோடேயே அவளைக் கட்டிப்பிடித்தேன். பிறகு அவளே மெல்லக் கேட்டாள்: "அந்த ஒரு மட்ச்... அது பிரச்சினையோ?"

பிரச்சினைதான். வயது இருபத்தொன்று கடந்த பிறகு, ஒரு நாட்டின் முதன்மைத் தேசிய அணிக்காகத் தகுதிகாண் ஆட்டம் ஒன்றில் கால் வைத்தவர், இன்னொரு நாட்டுக்கு மாற முடியாது. சுவிஸ் சம்மேளனத்தார் இரண்டு முறை பார்த்துவிட்டு, மிகவும் வருந்துகிறோம் என்றார்கள். உண்மையாகவே வருந்தினார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர்களுக்கும் இடதுபக்கம் ஆள் இல்லை.

அத்தான் மட்டும் கலங்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேசை முன் இருந்தார். மேன்முறையீடு போடப்போகிறார். கோயில் தலைவரிடம் ஒரு கடிதம், தமிழ்ப் பள்ளி அதிபரிடம் ஒரு கடிதம், முதியோர் இல்லத்தின் நிர்வாகியிடம் தன்னைப் பற்றி ஒரு நற்சான்று. பிள்ளை சுவிசில் எவ்வளவு ஒன்றிப்போனவள் என்பதற்கு, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பாற்கட்டித் தொழிற்சாலையில் எடுத்த படம்கூட இருந்தது.

"கேஸைப் பலப்படுத்துவம்" என்றார். "சிலவேளை நாலைஞ்சு வருசம் எடுக்கும். நான் எத்தினை வருசம் இருந்தனான்!"

இடதுபக்கப் பின்களத்தில் ஓடும் பிள்ளைக்கு நாலைந்து வருடம் என்றால் என்ன என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. எனக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். மிதுஷா முந்திக்கொண்டாள். சத்தம் போடவில்லை.

"அப்பா, இது அகதிக் கேஸ் இல்லை. நான் இஞ்சை ஓடி வரேல்லை. இஞ்சை பிறந்தனான். அவை என்னைக் கூப்பிட்டவை. கூப்பிடமாட்டினம் எண்டு சொன்னது நீங்கள்தான்."

அத்தான் பாற்கட்டித் தொழிற்சாலைப் படத்தைக் கையில் வைத்தபடியே இருந்தார். அதில் மிதுஷா வெள்ளைத் தொப்பியோடு மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் தனியாக நிறுத்தியிருக்கவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த நேரம் அவரைப் பார்க்கவும் முடியவில்லை. கதவு அடித்துச் சாத்தப்பட்டே பழகிய மனிதர், திறக்கப்போன கதவையும் முந்திக்கொண்டு தானே சாத்திவிட்டார்.

அப்போது தொலைபேசி அடித்தது. நொஷாட்டலிலிருந்து ஒருவர், மனைவியை ஊரிலிருந்து கூப்பிட வேண்டும், என்ன செய்வது என்று அண்ணையிடம் கேட்க எடுத்திருந்தார். சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. வழக்கமாக இந்த இடத்தில் அத்தான் தொண்டையைச் செருமி, கதிரையை நன்றாக இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"எனக்குத் தெரியாது தம்பி" என்றார். "ஒரு வக்கீலிட்டைப் போங்கோ."

அந்த மனிதர் நம்பவில்லை. அண்ணைக்குத் தெரியாதோ, அண்ணைக்குத் தெரியாததும் இருக்கோ என்று மறுபக்கத்தில் சிரித்துக்கொண்டே கேட்டபடி இருந்தார்.