பல் செய்கிறவள் செய்த கேக்

தலாஸ் ஊரில் வாயைத் திறந்து சிரிக்கிற பெரியவர்களில் பாதிப் பேருடைய பல் சைரகுலின் கைவேலை. பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில், ஜன்னலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து இருபத்தாறு வருஷமாகப் பல்செட் செய்கிறாள். மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ஈறின் மேடுபள்ளத்தைச் சின்னக் கத்தியால் செதுக்குகிற வேலை. ஊரே அவளைப் 'பல்லக்கா' என்றுதான் கூப்பிடும்.

கேக் பித்து பிடித்தது நாற்பத்துநாலு வயதில். தம்பி மகன் நடக்கத் தொடங்கியதும், இனித் தடுக்கி விழாமல் நடக்கட்டும் என்று காலில் கயிறு கட்டி அறுக்கும் விழா வைத்தார்கள். ஜூலை வெயில். கடையில் வாங்கிய கேக்கின் கிரீம் ரோஜாக்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து மேஜைவிரிப்பில் விழுந்தன. 'மெழுகு மாதிரி நிக்கிற சர்க்கரைன்னு ஒண்ணு கிடையாதா?' என்று சைரகுல் யோசித்தாள். இருந்தது. மார்ஷ்மெல்லோ மிட்டாயை உருக்கிப் பொடித்த சர்க்கரையைக் கொட்டிப் பிசைந்தால் ரொட்டி மாவு பதத்துக்கு வரும் ஃபாண்டன்ட். போனில் வீடியோ பார்த்து அந்த வாரமே பிசைந்தாள்.

முதல் கேக் அழுது வழிந்தது. உள்ளே இருந்த தேன் கேக்கின் புளிப்புக் கிரீம் ஈரம் பட்டு, மேலே போர்த்திய ஃபாண்டன்ட் கரைந்துவிட்டது. அடுத்த முறை வெண்ணெயும் கெட்டிப் பாலும் அடித்து நடுவில் பூசினாள். நின்றது. அதன்மேல் அவள் செய்து வைத்த குட்டி பூட்ஸுக்குத் தையல்கூட இருந்தது. கட்டைவிரல் உயரப் பொம்மைக்கு மூக்கு, காது, மோவாய்க் குழி எல்லாம் வைக்க அவளுக்குக் கை தானாகவே போனது. மருத்துவமனைக் கத்திகளைத் தொடாமல், கேக்குக்கென்று தனியாக ஒரு பெட்டிக் கத்திகள் வாங்கிக்கொண்டாள்.

கணவன் ஒமுர்பெக், தலைநகர் பிஷ்கேக் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவன். வீட்டில் அவனுக்கு இரண்டு வேலை. ஃபாண்டன்டை உருட்டுக் கட்டையால் தேய்த்துக் கொடுப்பது; செய்த பொம்மை யார் ஜாடையில் இருக்கிறது என்று சொல்வது.

போன இலையுதிர் காலத்தில் பக்திகுல் வந்தாள், கடைவீதிக்காரி.

"அக்கா, அப்பாவுக்கு எழுபத்தஞ்சு. கேக்கு மேல அவரே உக்காந்திருக்கணும். தொப்பி, பூட்ஸு, கீழ நம்ம ஊரு பீன்ஸ் மூட்டை. நல்லா சிரிக்கிற மாதிரி."

சைரகுலின் முகம் சுருங்கியது. அப்பா என்றால் தோக்தோசுன். ஆயுசெல்லாம் டிராக்டர் ஓட்டியவர். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் செய்த பல்செட்டை ஒரே நாள் போட்டுவிட்டுக் கழற்றிவைத்தவர். "குதிரைக்குச் செஞ்ச பல்லை எனக்கு மாட்டி விட்டுட்டா!" என்று சந்தை முழுக்கச் சொன்னார். ஜனங்கள் அவளைப் பார்த்துக் கனைத்துக் காட்டினார்கள். அவளும் கூடச் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அழுதாள்.

"சிரிக்கணும்னா பல்லோடயா, பல்லில்லாமலா?" என்று கேட்டாள்.

"பல்லோடதான் அக்கா! சபையில மானத்தை வாங்கிடாதீங்க."

சரி என்று முப்பத்திரண்டு பல்லும் வைத்தே செய்தாள். ஒமுர்பெக் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"யாரு இது? பேங்க் மேனேஜரா?"

"தோக்தோசுன் பெரியப்பா."

"போடி. அவர் எங்க, இந்த ஆள் எங்க?"

அவளுக்கும் தெரிந்தது. கத்தி முனையால் பற்களைக் கெல்லி எடுத்தாள். கன்னத்தை உள்ளே அழுத்தி, மோவாயைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, கண்ணைக் கோடாக்கினாள். ஒமுர்பெக் கையில் இருந்த தேநீர் தளும்பச் சிரித்தான். "அவரேதான்! இப்ப வாயைத் திறந்து என்னைத் திட்டப் போறாரு பாரு!"

அப்படியே விட்டுவிட்டாள். பக்திகுல் சொன்னது மனசில் உறுத்தியது. ஆனாலும் மறுபடி பல் வைக்கக் கை வரவில்லை.

விழாவன்று தோக்தோசுன் வீட்டில் கேக்கை மேஜையில் வைத்து மூடியை எடுத்ததும் பக்திகுலின் முகம் வெளிறியது. "என்னக்கா இது? நான் என்ன சொன்னேன்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அதற்குள் தோக்தோசுன் எழுந்து வந்துவிட்டார். குனிந்து பொம்மையைப் பார்த்தார். அறுபது பேர் வாயில் வைத்த கறியை மெல்லாமல் இருந்தார்கள்.

"என்னையே உரிச்சு வச்சிருக்கியே, கழுதை!" என்று சிரித்தார். அந்த வெற்று வாய்ச் சிரிப்பு பொம்மையில் இருந்ததேதான். கூட்டம் ஓவென்று கத்தியது. பிறகு அவர் கேட்டார்: "ஆமா, உன் பல்லை ஏன் இவனுக்கு வைக்கல?"

"நீங்க போட்டாத்தானே பெரியப்பா இவனும் போடுவான்?"

தோக்தோசுன் அவளைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். அந்தப் பெரிய குரல் முதல்முறையாக இறங்கியது. "அது உள்ள ஒரு இடத்துல குத்துச்சு, மகளே. அரிசி அளவு இடம். குதிரைப் பல்லுன்னு ஊரெல்லாம் கத்திட்டு, உன்கிட்ட வந்து எப்படி நிக்கிறது?"

"மூணு வருஷமாவா!" என்றாள் சைரகுல். அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. "பல்லு எங்க இருக்கு?"

பேரப்பிள்ளைகளை விரட்டி அலமாரியிலிருந்து பல்செட் வந்தது. வெந்நீரில் கழுவினாள். ஈறு நிறத் தகட்டில் எடுப்பாகத் தெரிய நீலம்தான் சரி என்று, கூடக் கொண்டுவந்திருந்த கேக் சாமான் பெட்டியிலிருந்து நீலச் சாயக் குப்பியை எடுத்தாள். "எங்க குத்துச்சு, காட்டுங்க." அவர் விரல் வைத்த ஈறில் சுத்தமான குச்சியால் ஒரு பொட்டு வைத்தாள். பல்செட்டை மாட்டிக் கழற்றினாள். தகட்டின் உள்பக்கம் சரியாக ஓர் இடத்தில் நீலம் ஒட்டியிருந்தது. கேக்கைத் தாங்கும் குச்சிகளைத் தேய்க்க வைத்திருந்த புது அரத்தால் அந்த மேட்டை நாலு தேய்ப்பு தேய்த்தாள். கழுவினாள், மறுபடி மாட்டினாள்.

"கடிங்க."

கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் கடித்தார். நேரே மேஜைக்குப் போய், பொம்மையின் காய்ந்து கெட்டிப்பட்ட பூட்ஸ் ஒன்றை ஒடித்து வாயில் போட்டார். 'நறுக்'கென்ற சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

"குத்தலை!" என்று கத்தினார். பொட்டு வைத்த சாயம் எச்சிலில் பரவி வாயெல்லாம் நீலம். ஈறு நீலம், நாக்கு நீலம். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பக்திகுல் அழுகையும் சிரிப்புமாகச் சைரகுலைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கோக்கா" என்றாள்.

"திங்கக்கிழமை மருத்துவமனைக்கு வரணும் பெரியப்பா. இது அவசரத்துக்குத்தான். ஒழுங்கா பாலிஷ் போடணும்."

"வரேன். ஆனா ஸைரகுல்னு சொன்னா விசில் வருதே?"

"அது ரெண்டு வாரம் வரும்."

"வரட்டும்! ஸைரகுல்! ஸைரகுல்!" என்று அவர் வேண்டுமென்றே விசிலடித்தபடி மேஜையைச் சுற்றி வந்தார். புகைப்படங்களில் எல்லாம் நீல வாயோடுதான் இருந்தார்; அதில் ஒன்றைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டச் சொன்னார்.

திங்கட்கிழமை அவர் தனியாக வரவில்லை. தாங்களும் கழற்றிவைத்த பல்செட்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு இரண்டு நண்பர்களும் கூட வந்தார்கள். ஒருவர் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார்: "பல்லு அப்புறம். டிசம்பர்ல எனக்கு எழுபது. என் குதிரையைக் கேக்குல செய்ய முடியுமா?"

"உக்காருங்க முதல்ல, வாயைத் திறங்க," என்றாள் சைரகுல்.