எங்கள் வீட்டில் பாப்பிரஸ்

காலை ஆறு ஐம்பது. எழுந்ததும் நான் முதலில் கண்டது, ஜன்னலோரச் சாடியில் பதினொரு தண்டுகளில் ஏழு தலை சாய்ந்து கிடந்ததை. உச்சியில் நூற்கற்றை போல விரிந்திருந்த பச்சை இழைகள் பழுப்பாகியிருந்தன.

அது எங்கள் வகுப்பின் பாப்பிரஸ். எகிப்தைப் பற்றிப் படித்தபோது ஆசிரியை வாங்கி வைத்த செடி. டிசம்பர் கடைசியில், கிறிஸ்து பிறந்த நத்தார் விடுமுறை இரண்டு வாரமும் அதைப் பார்த்துக்கொள்ள என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். எனக்கு எட்டு வயது. அந்த வகுப்பில் என்னை நம்பி யாரும் எதையும் தந்தது அதுவே முதல் முறை.

குற்றவாளி அம்மா. அதே ஜன்னலில் அவருடைய கறிவேப்பிலையும் நின்றது. கனடாவின் மொன்றியல் நகரத்துக் குளிர்காலங்கள் நான்கைத் தாண்டிய செடி. நகரின் வில்லரே பகுதி முதல் லாசால் பகுதி வரை சொந்தக்காரர் நடுவே அம்மாவுக்கு அதனால் ஒரு பெயர் இருந்தது. அதற்குச் செய்வதையே இதற்கும் செய்தார். சாடியின் கீழ்த்தட்டில் தேங்கிய நீரை நாள்தோறும் கொட்டிவிட்டார்.

"தண்ணி நிண்டா வேர் அழுகிப்போம்," என்றார் அம்மா.

"அது உம்மடை கறிவேப்பிலைக்கு. இது பன்," என்றார், இரவு வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த அப்பா.

"பணிஸா?" என்றேன்.

"ஓம், பட்டர் பூசித் தின். விசர்ப் பிள்ளை! பாய் இழைக்கிற பன்புல்லு. அதின்ரை சொந்தக்காரன்தான் இது. தண்ணிக்குள்ளை நிக்கோணும்."

கத்தரிக்கோலை எடுத்து ஏழு தண்டுகளையும் அடியோடு வெட்டினார். நான் அழுதேன். தம்பியைக் குளிப்பாட்டிய பிளாஸ்டிக் தொட்டியில் சாடியை இறக்கி, அது பாதி மூழ்க நீர் விட்டார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன் அப்பாவிடம்.

"ஊரிலை சண்டை நேரம், இப்பிடிப் பன்னுக்குள்ளை நான் ரெண்டு நாள் நிண்டனான். கழுத்தளவு தண்ணி. மூச்சுக் காட்டேல்லை."

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு தேநீர் போடப் போய்விட்டார்.

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, வெட்டிய இடத்தருகே நான்கு முளைகள் கூராக எழுந்தன.

பாப்பிரஸ் எங்கே வளரும் என்று வகுப்பில் ஆசிரியை கேட்டபோது எல்லோரும் நைல் நதி என்றார்கள். எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியிலும் வளரும் என்று நான் எழுந்து நின்று சொன்னேன். அத்தோடு நிறுத்தவில்லை. இதன் சொந்தக்காரச் செடிகளுக்குள் என் அப்பா இரண்டு நாள், கழுத்தளவு நீரில், மூச்சே விடாமல் நின்றவர் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அறிவித்தேன்.

அது யாராலும் முடியாது என்றான் ஒருவன். என் அப்பாவால் முடியும் என்றேன். பின்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். நான் இன்னும் நிமிர்ந்து நின்றேன்.

ஆசிரியை கைதட்டவில்லை. அப்பா அங்கே எதற்காக நின்றார் என்று மெல்லக் கேட்டார்.

நீந்தப் போயிருப்பார் என்றேன்.

அப்பாவுக்கு நீந்தத் தெரியாது.