பாதிச் சாப்பாட்டில் எழுந்தவள்

சாதிக்குப் பயந்து, என் தோழியின் பக்கத்திலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவள் நான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட... சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. சுளியுங்கள். உங்கள் வீட்டுக் கலியாணப் பேச்சில் முதலில் எதை விசாரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

ஜெசிந்தாவும் நானும் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். நான் வேலைக்குப் போன நாட்களில் என் மகள் அவள் சமைத்ததைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். அவள் கணவாய்க் கறி கொண்டுவருவாள். நான் அவளுடைய சோற்றுக் கோப்பையிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவேன். அவளுடைய ஆட்களை ஊர்க் கோவிலில் எந்தப் பக்கம் இருத்தினார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சாப்பிடுகிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமை வேறு!

அந்த மண்டபத்தில் விவிலிய வகுப்பு நடத்துபவளும் நான்தான். நான் எழுந்து போன அன்று காலை நடத்திய பாடம் என்ன தெரியுமா? அந்தியோக்கியாவில் பேதுரு, யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்தார். யாக்கோபிடமிருந்து, அப்படிச் சேர்ந்து சாப்பிடாத யூத ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். மற்ற யூதர்களும், பர்னபாவும்கூட, அவர் பின்னால் போனார்கள். பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தார். பேதுரு கோழை என்று மேசையில் தட்டிச் சொன்னேன்.

மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், பக்கத்து நகரமான லவாலிலிருந்து என் மாமா வந்தார். மகளுக்கு அவர்தான் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனையும் கூட்டி வந்திருந்தார். இருவரும் வாசலில் நின்று சப்பாத்துப் பனியைத் தட்டியபடி என் மேசையைப் பார்த்தார்கள்.

நான் எழுந்தேன்.

"என்னக்கா, சாப்பாடு அப்பிடியே கிடக்கு" என்றாள் ஜெசிந்தா.

"எனக்குப் பசியில்லை. நீ சாப்பிடு."

மாமா போய் இருந்த மேசைக்குப் போய், வேறொரு கோப்பையில் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியிருந்தோம், அவளும் நானும்...

கொஞ்ச நேரத்தில் என் கணவரும் எழுந்து வந்தார். பிறகு வகுப்புக்கு வருகிற இரண்டு குடும்பங்கள். பாடம் சொல்லிக்கொடுத்தவளே எழுந்த பிறகு அவர்கள் ஏன் இருக்கப்போகிறார்கள்?

"நல்ல ஆக்கள், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்று மாமா மாப்பிள்ளையின் தகப்பனிடம் என்னைக் காட்டிச் சொன்னார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது. பேதுருவைக் கண்டிக்க ஒரு பவுலாவது இருந்தார். என்னை யார் கண்டித்தார்கள்? அடுத்த ஞாயிறும் வகுப்பு நடத்தினேன்.

கலியாணம் நடந்தது. மகள் பிடிவாதம் பிடித்ததால் ஜெசிந்தாவுக்கும் சொன்னேன். வந்தாள். பூசையில் கடைசி வரிசை வாங்கில் இருந்தாள். மகளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். பந்தி தொடங்கும்போது குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு மண்டப வாசலில் நின்றாள். மாமா அந்தப் பக்கம் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் அவளிடம் போனேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

"சாப்பிட்டிட்டுப் போவன், ஜெசிந்தா."

"எனக்குப் பசியில்லையக்கா. நீங்கள் சாப்பிடுங்கோ."

கதவைத் திறந்துகொண்டு போனாள். நான் உள்ளே வந்து, மாமாவுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன்.