கடுக்காய்த் தூளும் கல்யாணப் பல்லும்

இந்த வீட்டில் காலையில் நான் முதலில் பார்ப்பது வீட்டுக்கார அம்மாளின் பற்களை. அம்மாள் மாடியில் தூங்கிக்கொண்டிருப்பார். பற்கள் மட்டும் கீழே சமையலறை ஜன்னலோரம் ஒரு கிளாஸ் தண்ணீரில் கிடக்கும். வந்த புதிதில் வெலவெலத்துப் போனேன். இப்போதெல்லாம் கிளாஸைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு, என் தகர டப்பாவைத் திறந்து பல் விளக்கிக்கொள்கிறேன்.

டப்பாவில் இருப்பது கடுக்காய்த் தூளும் உப்பும். ஆம்பூரில் நம் தோல் பதனிடும் ஷாப்புகளில், ஆட்டுத் தோலை ஆவாரம்பட்டைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போடுவோமே, அதே கடுக்காய்தான். கொட்டையை நீக்கி இடித்துச் சலித்தால் வாய்க்கும் ஆகும். அங்கே நான் தோல் தரம் பிரிப்பவன். முதலாளி தோல் கட்டுகளோடு என்னையும் லண்டனுக்கு ஏற்றிவிட்டார். பெர்மாண்ட்ஸி என்கிற இந்தப் பேட்டையில் இறங்கியதும் என் மூக்குக்கு ஊர் வந்துவிட்டது. அதே சுண்ணாம்பு, அதே ஊறல் நாற்றம். வாய்தான் வேறு தேசம். சர்க்கரை கொட்டிய டீயைக் குடித்துவிட்டு அப்படியே படுப்பார்கள். காலையில் முகம் கழுவுவார்கள். வாய்க்குள் தண்ணீர் போகாது.

வீட்டுக்காரர் ஹாரிஸும் தோல் தொட்டியில் வேலை செய்கிறவர். ஒருநாள் என் டப்பாவை மோந்து பார்த்தவர், கடுக்காய்க்கு இங்கே வழங்கும் பெயரைச் சொல்லி, "மைரோபலன்! இது தோலுக்குப் போடுவதாயிற்றே. உம்முடைய வாயைப் பதனிடுகிறீரா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆமாம், அதனால்தான் ஈறு கெட்டியாக இருக்கிறது" என்றேன்.

அவர் மகள் எல்ஸிக்கு இருபது வயது. கோடையில் கல்யாணம். தகப்பனார் தரும் பரிசு என்ன தெரியுமா? இருக்கிற பல்லையெல்லாம் பிடுங்கி, ஈறு ஆறியதும் புதுப் பல் 'செட்' கட்டித் தருவது. பின்னால் பல்வலி, வைத்தியம் என்று புருஷனுக்குத் தொல்லை வரக் கூடாதாம். இந்தத் தெருவில் இது பெரிய மனசுக்காரர் செய்யும் காரியம். எல்ஸிக்குச் சொத்தை இரண்டே பல்தான்.

ஊரில் எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாய் கொப்பளிக்காமலே கூழுக்கு உட்கார்ந்தேன். என் பெண்சாதி எஸ்தர் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னாங்க, பல்லு வெளக்கினீங்களா?"

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம தானே?"

"உங்க வாயிக்கும் லீவா? வெளக்காம வந்தா கூழு ஊத்த மாட்டேன், போங்க."

அன்று கோபித்துக்கொண்டு போனேன். பசி திருப்பி அழைத்து வந்தது. அன்றிலிருந்து ஒரு வேளை தப்பியதில்லை, ஒரு பல்லும் போகவில்லை.

ஆகவே ஹாரிஸிடம் துணிந்து சொன்னேன்: "பிடுங்க வேண்டாம். சொத்தை இரண்டையும் எடுத்தால் போதும். காலையிலும் ராத்திரியிலும் இந்தத் தூளால் விளக்கட்டும்." அவர் என் தோளைத் தட்டினார். "மனம் நோகாதீர். உமக்கும் வேண்டுமானால் அதே நாளில் பிடுங்கப் பல் வைத்தியரிடம் பேசி வைக்கிறேன்." நான் பொறாமைப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார்!

எல்ஸியிடமும் சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் ஒரே வரிசையாக, வெள்ளையாக வருமே!" என்றாள். அவளுக்கே ஆசையாக இருக்கும்போது நான் யார்?

எல்ஸியின் கல்யாணத்தைப் பற்றி ஊருக்கு எழுதியிருந்தேன். பல் எடுப்பதற்கு முந்தின நாள், எஸ்தர் கப்பலில் வந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பிய பொரிவிளங்காய் உருண்டைகள் வந்து சேர்ந்தன. 'கல்யாணப் பொண்ணுக்கு' என்று சீட்டு எழுதியிருந்தாள். கல்லாக இறுகியிருந்த அந்த உருண்டையை எல்ஸி கடவாயில் வைத்து ஒரே கடியில் உடைத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. ஒன்றைக் கல்யாணத்துக்குப் பிறகு தின்ன எடுத்து வைத்துக்கொண்டாள்.

புதுப் பல் செட்டோடு கல்யாணம் நன்றாகவே நடந்தது. மறுவாரம் அந்த உருண்டையை எடுத்தவள் கடித்துப் பார்க்கவில்லை. டீயில் ஊறப் போட்டாள்.

தம்பதிகள் இதே வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். இப்போது ஜன்னலோரம் இரண்டு கிளாஸ்; இரண்டையும் நகர்த்திவிட்டுத்தான் என் டப்பாவை வைக்கிறேன். 'பொண்ணு உருண்டை சாப்ட்டுச்சா?' என்று எஸ்தர் கேட்டு எழுதியிருந்தாள். ஒன்றைக் கடித்துச் சாப்பிட்டாள் என்று பதில் போட்டேன். அது பொய்யில்லை.

இன்று காலை வாய் கொப்பளித்துவிட்டு, "வெளக்கிட்டேன்" என்று என்னையறியாமல் உரக்கச் சொல்லிவிட்டேன். "யாரிடம் பேசுகிறீர்கள்?" என்று பின்னாலிருந்து குழறலாக ஒரு குரல். எல்ஸி கையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவளுடைய கிளாஸை எடுத்துக் கொடுத்தேன்.