டோக்கன் இல்லையா, பையும் இல்லை

"ஹெல்மெட் வைக்க ஒரு ரூம், அதைப் பார்த்துக்க ஒரு ஆள், அந்த ஆளுக்கு ரெண்டு தடவை காபி. இது நமக்குத் தேவையா மேடம்?" என்றார் எங்கள் சங்கச் செயலாளர் சபாபதி.

அந்த ஆள் நான்தான். காபி ஒரு தடவைதான் வந்தது என்று திருத்தினேன். பெங்களூரு விவேக் நகர் பக்கம் எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் எந்த விழா என்றாலும் க்ளோக் ரூம் என் பொறுப்பு. அடுத்தவர் மூட்டையைக் காப்பது இல்லத்தரசிகளுக்குப் புதுத் தொழிலா என்ன, உங்களுக்குத் தெரியாததா? ஆனால் வீட்டில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. இங்கே கேட்காவிட்டால் பை கிடைக்காது. அந்த ரூமை மூடிவிட்டு சமோசா கவுண்டர் வைக்கப்போவதாக ஆண்டு விழாவில் சபாபதி அறிவிக்கப்போகிறாராம்.

வெள்ளைச் சட்டை

பீன்யா தொழிற்சாலையிலிருந்து ஒருவர் ஷிஃப்ட் முடிந்து நேரே கச்சேரிக்கு வருவார். கோலார் தங்கவயல்காரர். கதவுக்குப் பின்னால் நின்று எண்ணெய்க் கறைச் சட்டையைக் கழற்றிவிட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையை மாட்டுவார். இது துணிக்கடை இல்லை என்றேன்.

"உள்ளே போய் உட்கார்ந்தா நான் ஃபிட்டர் இல்லீங்க மேடம், முன்வரிசை ரசிகன். அழுக்குச் சட்டைய மட்டும் பத்திரமா வைங்க, நாளைக்குச் சோறு போடறது அதுதான்."

ரெண்டு கிலோ

ஞாயிறு காலைக் கச்சேரி. சிவாஜிநகரிலிருந்து வந்த அம்மாள் நீட்டிய பையில் ரெண்டு கிலோ மட்டன். பக்கத்துத் தட்டில் ஒரு மாமியின் பூஜைக் கூடை. மாமி என்னை முறைத்தார். கூடையை மேல் தட்டுக்கு மாற்றினேன். மட்டன்காரம்மாள் அசரவில்லை.

"பாட்டை மட்டும் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கக்கா. வீட்ல இஞ்சி பூண்டு அரைச்சு வெச்சுக்கிட்டு எல்லாம் வாசலையே பாத்துக்கிட்டு இருக்குது."

செயலாளர் பை

ஆண்டு விழா. தலைமை விருந்தினர் கன்னடக்காரர், மேடையில் உட்கார்ந்தாகிவிட்டது. சபாபதி மூச்சிரைக்க ஓடிவந்து பையைக் கேட்டார். டோக்கனைத் தொலைத்துவிட்டாராம். டோக்கன் இல்லாவிட்டால் பைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அதுதான் விதி. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான், விதியில் கை வைக்க மாட்டேன்.

"நான் செக்ரெட்டரி மேடம்."

"தெரியும் சார். உள்ளே என்ன?"

பின்னால் பத்துப் பேர் வரிசை. அவர் கவுண்டர்மேல் கவிழ்ந்து என் காதருகே வந்தார். "என் கன்னடப் பேச்சு. தமிழ் எழுத்துல எழுதி வெச்சிருக்கேன். ஐம்பது வருஷமா பேசறேன், படிக்க மட்டும் வராது. சத்தமா சொல்லிடாதீங்க."

திறந்து பார்த்தேன். 'எல்லரிகூ நமஸ்கார' என்று கொட்டை எழுத்துத் தமிழில் இருந்தது. மூச்சு விடாமல் கொடுத்துவிட்டேன். மேடையில் மனிதர் பிய்த்து உதறினார். விருந்தினரே எழுந்து நின்று கைதட்டினார். என் ரூமுக்கு மங்களம் பாடவிருந்த கடைசித் தாள் மட்டும் மடித்தபடியே சட்டைப்பைக்குள் போயிற்று. விழா முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"ரூம் இருக்கட்டும் மேடம். சமோசாவ வெளியில வித்துக்கலாம்."

க்ளோக் ரூம் என்பது, யார் யார் எதை மறைத்துவிட்டு உள்ளே போகிறார்கள் என்று ஒருத்திக்கு மட்டுமே தெரிந்த இடம், அந்த ஒருத்திக்கோ வியர்த்துக் கொட்டுகிறது.

"அப்படியே ஒரு ஃபேனும் போட்டுக் குடுத்துடுங்க சார்" என்றேன்.

சபாபதி அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டார்.