முப்பத்தாறு ஓடுது, வாப்பா

எங்கள் வீட்டு மேற்கு ஜன்னலின் கொக்கி எப்போதும் சரியாகப் பிடிக்காது. நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதத்தில் ஒரு மாலை அது தானாகவே படீரென்று திறந்துகொள்ள, ஈரமண்ணும் நசுங்கிய இலையும் கலந்த வாசத்தோடு குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து என் முழங்கை முழுக்கப் பொடிப்பொடியாக நீர்த்துளிகளை ஒட்டவைத்தது. தென்காசியில் அந்தக் காற்றை 'மேகாத்து' என்போம். அது மலையிலிருந்து தூக்கிக்கொண்டு வரும் தூறல்தான் 'சாரல்'. சரியாக அதே நேரத்தில், என் முன்னால் திறந்திருந்த லேப்டாப்பின் மூலையில் அதுவரை பத்தொன்பதைத் தாண்டாமல் கிடந்த எண், இருபத்தைந்தாகி, முப்பதாகி, முப்பத்தாறில் போய் நின்றது. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் எண் இறங்கியது. திறந்தேன், ஏறியது. குற்றாலத்துச் 'சீசனு'க்கும் லேப்டாப்பில் நான் ஓட்டிய கார் பந்தயத்துக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது அப்போதுதான்.

அது அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த அரசு லேப்டாப். ஆன் செய்தால் விண்டோஸா லினக்ஸா என்று கேட்கும். அக்காவின் தோழிகள் பென்டிரைவில் பாட்டு ஏற்றிக் கொண்டுவந்து கொண்டுவந்து, வைரஸ் புகுந்து, விண்டோஸ் ஒருநாள் படுத்துவிட்டது. மிஞ்சியது லினக்ஸ். கல்லூரிக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்ய அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. அதற்குள் இலவசமாக விளையாட்டுகளை இறக்கிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தவள் நான். "வெளையாடு ஏட்டி, ஆனா என் பிராஜெக்ட் அதுக்குள்ள இருக்கு, ஒடச்சிராத" என்பதுதான் அக்கா போட்ட ஒரே நிபந்தனை.

மூலையில் தெரிந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடிக்குள் திரை எத்தனை முறை படத்தை வரைந்து முடிக்கிறது என்பதன் கணக்கு அது. முப்பதுக்கு மேல் இருந்தால் கார் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். இருபதுக்குக் கீழே போனால் 'திக்கும்'. நாம் வலது பக்கம் அழுத்தினால், கார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திரும்பும். அதற்குள் சுவர் வந்திருக்கும்.

வாப்பாவிடம் இந்த ஜன்னல் அதிசயத்தைப் போனில் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார். அவர் சவூதியில் ஏசி மெக்கானிக். "சூடு போக வழி இல்லன்னா எந்த மெஷினா இருந்தாலும் மெதுவாத்தான் ஓடும் ஏட்டி. உள்ள எரிஞ்சிரக் கூடாதுன்னு அதுவா வேகத்தக் கொறச்சிக்கிடும்" என்றார். என் அதிசயம் அவருக்குத் தினசரி வேலை. நாள் முழுக்க மற்றவர்களுடைய அறைகளைக் குளிரவைப்பதற்காக மொட்டைவெயிலில் நிற்பவர் அவர்.

அதுவரை எங்கள் பேச்சு மூன்று வாக்கியங்களைத் தாண்டியதில்லை. சாப்ட்டியா, படிச்சியா, போன உம்மாட்ட குடு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டிசம்பரில் வந்துபோகும் மனிதரிடம் ஒரு பதினொரு வயதுப் பெண் வேறு என்ன பேசுவாள்? பந்தயம் வந்த பிறகுதான் எங்களுக்குப் பேச விஷயம் கிடைத்தது. அவருடைய அறையில் கூட இருந்த புனலூர்க்காரர் தாமஸ் சேட்டனிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்டதும் சேட்டன் தன் நாற்காலியை வாப்பாவுக்குக் கொடுத்துவிடுவார். இங்கே நான் உம்மாவின் போனிலிருந்து நெட்டை இழுத்துக்கொண்டு உட்காருவேன். முதலில் ஒரு போன்; பிறகு மூன்று சுற்றுப் பந்தயம்; முடிந்ததும் மறுபடி ஒரு போன். முதல் போனில் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தன ஓடுது?" என்பதுதான். நான் எண்ணைச் சொன்னால் ஊரில் சாரல் இருக்கிறதா, வெயில் அடிக்கிறதா என்று அவருக்குத் தெரிந்துவிடும். வேலைக்குப் போனதிலிருந்து அவர் ஒரு சீசனைக்கூடப் பார்த்ததில்லை. டிசம்பரில்தான் அவருக்கு லீவு கிடைக்கும்.

சீசன் முடிந்த மாதங்களில் அந்த எண்ணை உயர்த்த நான் படாத பாடு பட்டேன். இட்லித்தட்டைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்தால் துளைகளின் வழியே காற்றுப் போய் எண் இரண்டு ஏறியது. "அதுலயே மாவயும் ஊத்திரு, காலைக்கு ஆச்சு" என்றார் உம்மா. விளையாட்டின் அமைப்புகளுக்குள் போய் மரங்களின் நிழலை அணைத்ததில் நான்கு கிடைத்தது. பந்தயப் பாதையில் இரண்டாவது வளைவை ஒட்டி ஓர் அருவி உண்டு. அதன் தண்ணீர் அசைவதை நிறுத்தினால் இன்னும் ஐந்து. நிறுத்திவிட்டு வாப்பாவிடமும் சொன்னேன். அன்றிலிருந்து அந்த அருவி, சுவரில் ஒட்டிய நீலத்தாள் போல அசையாமல் நின்றது. கோடை உச்சத்தில் இதெல்லாமும் போதாமல் லேப்டாப் பாதிப் பந்தயத்தில் அணைந்துபோகும். அந்த வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் திரும்பவும் மூன்று வாக்கியத்துக்கு வந்துவிடுவோம்.

அடுத்த வருடம் சீசன் ஏமாற்றியது. ஜூன் முடிந்தும் மேகாத்து எழும்பவில்லை. ஜூலை முதல் வெள்ளிக்கிழமை வாப்பாவின் குரலில் ஒரு பரபரப்பு. தாமஸ் சேட்டனுக்கு அந்த மாதம் கிடைத்திருந்த லீவில் அவரால் போக முடியவில்லையாம். வாப்பா விரும்பினால் அதைத் தான் எடுத்துக்கொண்டு, தன் டிசம்பர் லீவைச் சேட்டனுக்கு மாற்றிக் கொடுக்கலாமாம். நாளைக்கே அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். சாரல் இருந்தால் வருகிறேன், இல்லையென்றால் வழக்கம்போல டிசம்பரிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டார்: "எத்தன ஓடுது?"

திரையில் பதினேழு இருந்தது. ஜன்னல் திறந்திருந்தும் திரைச்சீலை அசையவில்லை.

"முப்பத்தாறு ஓடுது, வாப்பா."

"சரி, வா, ஓட்டுவோம்" என்றார். ஓட்டினோம். மூன்று சுற்றிலும் இரண்டாவது வளைவில் என் கார் யோசித்துத் திரும்பி, அருவிக்குப் பக்கத்துச் சுவரில் முட்டியது. மறுபடி போன் வந்தபோது அவர் பந்தயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உம்மாவிடம் மட்டும், வருவதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகான பன்னிரண்டு நாட்களும் நான் மேற்கே பார்த்துக்கொண்டே இருந்தேன். மொட்டைமாடித் தட்டட்டியில் ஏறி நின்று மலையில் மேகம் இறங்குகிறதா என்று பார்ப்பேன். மலை தெளிவாக, ஒவ்வொரு மடிப்பும் எண்ணும்படி, கொஞ்சம்கூட இரக்கமில்லாமல் தெரிந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

வாப்பா திருவனந்தபுரத்தில் இறங்கி, மலை தாண்டி காரில் வந்தார். புனலூரில் மழையாம், கையை வெளியே நீட்டி நனைத்துக்கொண்டே வந்தாராம். எல்லையில் புளியறை செக்போஸ்ட்டைக் கடந்ததும் டிரைவர் வைப்பரை நிறுத்திவிட்டாராம். இதை உம்மாவிடம் சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தபோது நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

மறுநாள் காலையிலேயே என்னை மட்டும் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பினார். ரம்புட்டான் கடைக்காரர்கள் பழத்தின்மேல் தாங்களே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வேலையின்றி வரிசையாகச் சுவரில் சாய்ந்திருந்தார்கள். பெரிய அருவியில் பாறைதான் இருந்தது. அதன் ஒரு ஓரத்தில், மறந்துபோய் மூடாமல் விட்ட குழாய் மாதிரி கொஞ்சம் தண்ணீர். வாப்பா துண்டைத் தோளில் போட்டபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏட்டி, கேம்ல அணைச்ச மாதிரி இங்கனயும் தண்ணிய அணைச்சிட்டியா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்குப் பதினேழுதான் ஓடியது என்று சொன்னேன். என் மூக்கை அவருடைய துண்டிலேயே துடைத்துவிட்டார்.

"தெரியுமே. முப்பத்தாறுல ஓட்டுதவ அந்த வளைவுல முட்டமாட்டா. நீ மூணு சுத்தும் முட்டுன."

"பொறவு ஏன் வந்திய?"

"சாரல் இருக்குன்னு வரல ஏட்டி. இல்லாத சாரல இருக்குன்னு சொல்லுதாளே இந்தப் புள்ளன்னுதான் வந்தேன்."

அந்த ஓரத்துத் தண்ணீரில் வரிசையே இல்லாமல் இருவரும் குளித்தோம். அவர் இருந்த முப்பது நாளும் மழை வரவில்லை. அவர் விமானம் ஏறிய அடுத்த வாரம், பழிவாங்கினாற்போல, ஜன்னல் கொக்கியைப் பிய்த்துக்கொண்டு திறந்தது. வெள்ளிக்கிழமை எண்ணைச் சொன்னதும் அவர் கேட்டார்: "நெசமாத்தானா?" நான் பந்தயத்தைத் தொடங்கினேன். மூன்று சுற்றிலும் இரண்டாவது வளைவில் சுவரைத் தொடாமல் கடந்து காட்டினேன். தோற்றுப்போன வாப்பா போன் செய்து, "நல்ல சாரல்தான்" என்றார்.

இப்போது என்னிடம் இருப்பது பழைய பாகங்களை வாங்கி நானே கூட்டிக் கட்டிய கம்ப்யூட்டர். அதில் லினக்ஸ் மட்டும்தான். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட பெரிய விளையாட்டுகளும், இடையில் நின்று மொழிபெயர்த்துக் கொடுக்கும் மென்பொருளின் தயவில் அதில் ஓடுகின்றன. சில, சொந்த வீடான விண்டோஸில் ஓடுவதைவிட நன்றாகவே ஓடுகின்றன. ஏமாற்றுவோரைத் தடுக்கப் பூட்டுப் போட்டிருக்கும் சில ஆன்லைன் விளையாட்டுகள் மட்டும் லினக்ஸ் என்றாலே இன்னும் கதவைத் திறப்பதில்லை. மற்றபடி, சித்திரை வெயிலானாலும் ஆனி மாதச் சாரலானாலும் என் திரை மூலையில் அறுபதுதான். இதற்காக எத்தனை வருடம் ஏங்கியிருப்பேன்! ஆனால் அந்த அறுபதைப் பார்த்து ஊரில் மழையா வெயிலா என்று யாராலும் சொல்ல முடியாது.

வாப்பா நிரந்தரமாகத் திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகிறது. தென்காசியிலேயே ஏசி பழுதுபார்க்கிறார். சீசன் வந்துவிட்டால் ஏசிக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள், வெறுமனே உட்கார்ந்திருப்பார். அடுத்த அறையில்தான் இருக்கிறார் என்பதாலோ என்னவோ, நாங்கள் பந்தயம் ஓட்டுவதில்லை. யோசித்துப் பார்த்தால், திரும்பவும் அந்த மூன்று வாக்கியங்களுக்கே வந்துவிட்டோம்.

போன வெள்ளிக்கிழமை பரணிலிருந்து அந்தப் பழைய லேப்டாப்பை இறக்கினேன். வாப்பா ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து, விசிறியில் பஞ்சுபோல அடைந்திருந்த தூசியை எடுத்துப்போட்டு, கரண்ட் வருகிறதா என்று பார்த்தார். விளையாட்டின் பழைய அமைப்புகள் அழியாமல், எடை குறைந்த ஒரு லினக்ஸை ஏற்றியிருக்கிறேன். பந்தயம் திறக்கிறது. வெயில் இன்னும் தணியவில்லை என்பதால் எண் பதினைந்தில் நிற்கிறது.

மேகாத்து எழும்பும் முதல் வெள்ளிக்கிழமை, இட்லித்தட்டோடு மேற்கு ஜன்னலில் அதை வைக்கப்போகிறேன். திரையை இரண்டாகப் பிரித்து, ஒரே விசைப்பலகையில் அம்புக்குறிகள் அவருக்கு, எழுத்துகள் எனக்கு. தொடங்குவதற்கு முன்னால் அமைப்புகளுக்குள் போய், இத்தனை வருடமாக அணைத்தே வைத்திருந்த அருவித் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். முப்பத்தாறே வந்தாலும் அதில் ஐந்து குறையும், இரண்டு பேருக்கும் வரைய வேண்டியிருப்பதால் இன்னும் நிறையவே குறையும். நாங்கள் இரண்டு பேருமே இரண்டாவது வளைவில் முட்டுவோம். முட்டட்டும். தண்ணீர் விழட்டும்.