மன்றத்துக் கதவின் பூட்டு

கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு இன்றைக்கும் வராது. போன கிராம சபைக்கும் ஒரு கேள்வியோடு போய், அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்பினேன். ஊரையே கேள்வி கேட்கப் பழக்கிய மனிதரின் மகள் நான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

என் வாப்பா தறி நெய்தவர். தறியை விட்டு இறங்கினால் குடிமக்கள் மன்றம். இலத்தூர் பக்கம் எங்கள் ஊரில் அந்த மன்றத்துக்கு ஓட்டுக்கூரை போட்ட ஓர் அறை இருந்தது. பஞ்சாயத்து என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் யாரிடம் கேட்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே பேசுவார்கள். எந்தக் கட்சிக்காரரும் வரலாம். ஆனால் கட்சித் துண்டை வாசல் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மழை நாளில் துண்டுகள் வரிசையாக நனைந்து, ஒன்றின் சாயம் இன்னொன்றில் இறங்கிவிடும். போகும்போது எது யாருடையது என்று ஒரு சண்டை நடக்கும்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு வருடம் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் என் மாமா நின்றார். உம்மாவின் தம்பி. சவூதியிலிருந்து வந்து, இனிப் போகமாட்டேன் என்றவர். ஜெயித்தால் ஊரோடு இருப்பார், தோற்றால் மறுபடியும் விமானம்தான் என்று உம்மா சொல்லியிருந்தாள். என்னை மோட்டார் சைக்கிளில் ஐந்தருவிக்குக் கூட்டிப்போகிற ஒரே ஆள் மாமா. அவர் ஜெயிக்க வேண்டும் என்று எல்லாத் தொழுகையிலும் கேட்டேன்.

மாமாவுக்குக் கிடைத்த சின்னம் பூட்டுச் சாவி. எதிர்த்து நின்றவருக்கு ஏணி. இன்னொருவருக்குச் சீப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணிக்காரருக்கு வேண்டிய டீக்கடை அண்ணாச்சி மன்றத்து வாசலில் நின்று சத்தம் போட்டார்.

“மச்சினன் சின்னத்தக் கதவுலயே தொங்கப் போட்டுட்டு, உள்ள நடுநிலைன்னு பேசுதியளோ?”

எல்லோரும் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை. அன்றைக்கே பூட்டைக் கழற்றி எங்கள் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, தறி நூலை முறுக்கிக் கதவைக் கட்டினார். விடுவார்களா? மாமா பக்கத்து ஆட்கள், ஏணியையும் மறைக்கச் சொன்னார்கள். பல்பு மாட்டுகிற ஏணி சாக்கால் மூடப்பட்டு அறைக்குப் பின்னால் போனது. பல்பு பீஸ் போனபோது, தேர்தல் முடிகிறவரை இருட்டிலேயே பேசினார்கள். உறுப்பினரான ஓய்வுபெற்ற போலீஸ்காரர், சட்டைப்பைச் சீப்பை வீட்டில் வைத்துவிட்டுத் தலை கலைந்து வந்தார். பூட்டில்லாத அறைக்குள் ஆடு புகுந்து பத்திரிகைகளைத் தின்றுவிடாமல் இருக்க, பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் அங்கே உட்கார்ந்து பாடம் எழுத வேண்டும்.

மாமா அங்கேயும் வருவார். புளியறைப் பக்கமிருந்து பரோட்டா வாங்கி வந்து என் முன்னால் பிரிப்பார்.

“ஏட்டி, ஒங்க வாப்பா யாருக்குப் போடுதாராம்?”

“தெரியாது மாமா.”

“வீட்டுக்குள்ளயும் சொல்ல மாட்டாராக்கும்! நல்ல மன்றம்லா நடத்துதாரு.”

தேர்தலுக்கு முந்தின வாரம் மன்றத்தின் பெரிய கூட்டம் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. மூன்று வேட்பாளர்களும் ஒரே பெஞ்சில். ஊரார் கேட்பார்கள், மூவரும் பதில் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரே அளவு நேரம். முடிந்ததும் பள்ளிக்கூட மணியை வாப்பா அடிப்பார். ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. மேலத் தெரு அக்கா ஒருத்தி எழுந்தாள்.

“மலையில இம்புட்டுத் தண்ணி விழுது. எங்க தெருக் குழாயில மட்டும் ஏன் விழ மாட்டேங்கு?”

ஏணிக்காரர் நாலு வார்த்தையில் பதில் சொல்லி உட்கார்ந்தார். மாமா பாலைவனத்திலிருந்து தொடங்கினார். ஒட்டகம் வந்தது, அரபி முதலாளி வந்தார், மணல் காற்று வந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தி, “அதனால நான் வந்தா மேலத் தெருவுக்கு...” என்றார்.

மணி அடித்தது.

“மச்சான், ஒரு நிமிசம்.”

“வேட்பாளர் உக்காரணும்” என்றார் வாப்பா.

மாமா அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மேலத் தெருவுக்கு அவர் என்ன செய்ய இருந்தார் என்பது ஊருக்குத் தெரியாமலே போயிற்று.

அன்று உம்மா சோற்றை வைத்த சத்தமே வேறாக இருந்தது. “மணியடிக்க வேற ஆளே இல்லையா இந்த ஊர்ல?” என்றாள். வாப்பா குனிந்து சாப்பிட்டார். ஓட்டுப் போட்டு வந்த அன்று, யாருக்குப் போட்டார் என்று உம்மா கேட்டாள். வாப்பா போய்த் தறியில் உட்கார்ந்தார்.

மாமா தோற்றார். மேலத் தெரு வாக்குகள்தான் காலை வாரின என்றார்கள். உம்மா வாப்பாவிடம் பேசுவதை நிறுத்தி, சொல்ல வேண்டியதை என் மூலமாகச் சொல்லி அனுப்பினாள்.

பயணம் புறப்படுகிற அன்று காலையில் மாமா மன்றத்துக்கு வந்தார். வாசலில் வாப்பாவும் நானும் நின்றிருந்தோம். கதவில் இன்னும் நூல்தான் கட்டிக் கிடந்தது.

“இன்னும் எதுக்கு மச்சான் இந்தக் கயிறு? தோத்த சின்னம்தானே, இனிமே தாராளமாப் பூட்டலாம்லா?” என்று சிரித்தார். வாப்பாவின் தோளைத் தொட்டார். என் தலையில் கை வைத்தார். மலை மேல் மேகம் இறங்கியிருந்த பாதையில் அவருடைய வேன் போனது.

வாப்பா என்னை அனுப்பிப் பூட்டை எடுத்துவரச் சொன்னார். அதைக் கதவில் மாட்டி, சாவியை நுழைத்தார். அப்படியே நின்றார். சாவியைப் பிடித்த கை திரும்பவே இல்லை. கண் வேன் போன பாதையிலேயே இருந்தது.

மழைக்குப் பூட்டு துருப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். மழையே படாமல் அலமாரிக்குள் கிடந்த பூட்டு எப்படித் துருப்பிடிக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு ஓடி, உம்மாவிடம் ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் வாங்கிவந்து நீட்டினேன்.

வாப்பா அதை வாங்கி, நல்ல பூட்டுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார்.